தாய் கேட்டது ஒன்று, உலகம் கொடுத்தது வேறு: பிரிஸ்பேன் சிறுவனும் நம் தொடக்கப்பள்ளி வகுப்பறையும்

2020 பிப்ரவரி மூன்றாவது வாரம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாய், தன் 9 வயது மகனை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்தார். பையனுக்கு அகோண்ட்ரோபிளாசியா. கைகால் எலும்புகள் வழக்கமான நீளத்துக்கு வளராத பிறவி நிலை அது. அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று அவன் தலையில் தட்டி, உயரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. அம்மா வந்து சண்டை போட்டுவிடுவாரோ என்று பயந்து அடக்கிக்கொண்டான். கார் கதவைச் சாத்தியதும்தான் உடைந்து அழுதான். 9 வயதுப் பிள்ளை சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொல்லி அழுதான். கேலியால் ஒரு பிள்ளை என்ன ஆகிறது பாருங்கள் என்று அந்த அழுகையைத் தாய் பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டார்.

அப்புறம் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். சில நாட்களிலேயே அந்தக் காணொளியைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நடிகர் ஹியூ ஜாக்மேன் அவனுக்கு நட்புச் செய்தி அனுப்பினார். அதே அகோண்ட்ரோபிளாசியா உள்ள அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பிராட் வில்லியம்ஸ், அவனை டிஸ்னிலேண்டுக்கு அனுப்பலாம் என்று 10,000 டாலர் இலக்கோடு நிதி திரட்டத் தொடங்க, 4 லட்சம் டாலருக்கு மேல் குவிந்துவிட்டது. பையன் ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பிப்ரவரி 22 அன்று கோல்ட் கோஸ்ட் மைதானத்தில், பூர்வகுடி ஆல் ஸ்டார்ஸ் ரக்பி அணியின் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு, அணியை முன்னால் நடத்திப் போனான். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பின்னாளில் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் அவனுக்குத் தன் படங்களில் வேடமும் கொடுத்தார்.

அவன் பெயர் இணையத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரு பள்ளிப் பிள்ளையின் மோசமான நாளை எடுத்துவைத்துப் பேசும்போது பெயர் தேவையில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

இந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காணொளியில் தாய் கேட்டது பணம் அல்ல, சுற்றுலா அல்ல. உங்கள் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்டார். டிஸ்னிலேண்டு பயணத்தைக் குடும்பம் வேண்டாம் என்றபோது பையனின் சித்தி சொன்னதும் அதையேதான்: உண்மையான பிரச்சினைக்குத் திரும்புவோம், பணம் கேலிக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளுக்குப் போகட்டும். கேட்டது பாடம். கிடைத்தது அனுதாபம், அதுவும் வண்டி வண்டியாக.

தொடக்கப்பள்ளி ஆசிரியராக இந்த நிகழ்வைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பாடம் எதுவாக இருந்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. அன்பாக இரு, யாரையும் கேலி செய்யாதே என்பது பாடம் இல்லை. அது எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தலையில் தட்டுகிறார்கள்.

தலையில் தட்டிய அந்தக் கை

அந்தப் பிள்ளையை வில்லனாக்குவது சுலபம். அதன் கண்ணால் ஒரு நிமிடம் பார்ப்போம். 6 வயது, 8 வயதுப் பிள்ளைக்கு உயரம்தான் வயது. அண்ணன் உயரம், தம்பி குட்டை. பெரியவர்கள் உயரம், பாப்பா குட்டை. ஊரிலிருந்து வரும் மாமா சொல்லும் முதல் வார்த்தையே “அட, எவ்ளோ வளர்ந்துட்டே!” என்பதுதான். பாப்பாவின் தலையைத் தடவுவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், தூக்கிக் கொஞ்சுவார்கள். உயரம் குறைந்த வகுப்புத் தோழனிடம் அதே கை தானாகவே நீளுகிறது. செய்கிற பிள்ளைக்கு அது விளையாட்டு. தட்டு வாங்குகிறவனுக்கோ ‘நீ எங்களில் ஒருத்தன் இல்லை, நீ பாப்பா’ என்று நாளுக்குப் பத்து முறை கேட்கும் தீர்ப்பு.

இதே தப்பைப் பெரியவர்கள் இன்னும் மோசமாகச் செய்தார்கள். காணொளி பரவிய சில நாட்களில், இவன் சிறுவனே அல்ல, 18 வயதான நடிகன், எல்லாம் பணம் பறிக்கும் நாடகம் என்று இணையத்தில் ஒரு புரளி கிளம்பியது. அவன் சின்னக் குழந்தையாக அம்மாவோடு 2015-ல் தொலைக்காட்சியில் வந்த பதிவு இருந்தும் புரளி நிற்கவில்லை. அதைப் பரப்பிய ஒரு பத்திரிகைக் கட்டுரையாளர் மீது வழக்குப் போய், அதே ஆண்டில் மன்னிப்பும் இழப்பீடும் வந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனை வயதில் சின்னவனாக்கினார்கள். இணையத்துப் பெரியவர்கள் பெரியவனாக்கினார்கள். உடம்பைப் பார்த்து வயதைக் கணக்குப் போடுவதை நிறுத்த இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

ஆக, முதல் பாடம் இரக்கம் பற்றியதல்ல, கணக்கு பற்றியது: உயரம் வேறு, வயது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 10 வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 138 செ.மீ. அகோண்ட்ரோபிளாசியா உள்ள, நன்கு வளர்ந்த ஆணின் சராசரி உயரம் சுமார் 131 செ.மீ., பெண்ணுக்கு சுமார் 124 செ.மீ. அதாவது நம் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர், வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் ஒரு மனிதரைவிட உயரம். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, “இவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க, தம்பின்னா, அண்ணான்னா?” என்று கேட்டால் வகுப்பு முதலில் சிரிக்கும். பிறகு யோசிக்கும். அந்த யோசனைதான் வேண்டும்.

இதில் நம் பள்ளிகளின் பங்கும் உண்டு. காலை வழிபாட்டில் உயர வரிசைப்படி நிற்கவைக்கிறோம். குட்டையான பிள்ளை முதலில், நெட்டையான பிள்ளை கடைசியில், வருடம் முழுக்க. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது, தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லார் முன்னாலும் பிள்ளைகளை உயரத்தால் தரம் பிரிப்பது நாம்தான். வருகைப் பதிவேட்டு வரிசைப்படியோ, சேர்ந்து வரும் ஜோடிப்படியோ நிற்கவைத்தால் வழிபாடு நின்றுபோகாது.

முதலில் உடம்பு, பிறகு பண்பு

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைப் பெரியவர்கள் ‘ஷ்…’ என்று அடக்கிவிடுகிறோம். அடக்கிய கேள்விதான் பிறகு கேலியாக வெளியே வருகிறது என்பது என் கருத்து. கேள்விகளை வகுப்பிலேயே கேட்கவிட்டு, குழையாமல் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் குட்டையாக இருக்காங்க? நம் கைகால் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பு இருக்கிறது. அது வளர்ந்து எலும்பாக மாறுவதால்தான் நாம் உயரமாகிறோம். ரொம்ப வேகமாக வளர்ந்துவிடாமல் அதற்கு உடம்பிலேயே சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கட்டுப்பாடு உண்டு. அகோண்ட்ரோபிளாசியாவில் அந்த பிரேக் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். ஆசிரியருக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டியது: இதற்குக் காரணமான எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவை 1994-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நிலையோடு பிறப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேரின் பெற்றோர் சாதாரண உயரம் கொண்டவர்கள். அந்த மரபணுவில் புதிதாக நேரும் ஒற்றை எழுத்து மாற்றம் அது. ‘அம்மா கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடவில்லை’, ‘கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள்’ என்ற ஊர்ப்பேச்சுக்கெல்லாம் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தப் பேச்சு வகுப்பறைக்குள் வராது என்று நினைக்காதீர்கள். வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளைகள் வகுப்பில் சொல்வார்கள்.

ஒட்டுமா? ஒட்டாது. பால் குடிக்காததாலா? இல்லை. (உயரம் வளர இதைக் குடி, அதைக் குடி என்று வரும் விளம்பரங்களின் வேலை இந்தக் கேள்வி. குட்டையாக இருப்பது குடிக்க வேண்டியதைக் குடிக்காதவன் தப்பு என்று 30 நொடியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.) மூளையும் சின்னதா? இல்லை, அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீ படிக்கிற கணக்கைத்தான் அவங்களும் படிக்கிறாங்க. வண்டி ஓட்டுவாங்களா? பெடலை எட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டு கார் ஓட்டுகிறார்கள். கல்யாணம்? ஆகும், பிள்ளைகளும் பிறக்கும். அந்தப் பிள்ளைகளும் குட்டையா இருப்பாங்களா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அம்மா அப்பாவில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் சரிபாதி வாய்ப்பு.

குள்ளத்தன்மைக்கு நூற்றுக்கணக்கான காரணங்கள் உண்டு. அகோண்ட்ரோபிளாசியா அவற்றில் அதிகம் காணப்படுவது, தோராயமாக 25,000 பிறப்பில் ஒன்று. வளர்ச்சி ஹார்மோன் குறைவால் உயரம் நிற்பது வேறு, அதற்கு மருத்துவம் உண்டு. அதனால் வகுப்பில் ஒரு பிள்ளை வளராமல் இருந்தால் ‘பரம்பரை’ என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது ஆசிரியர் வேலைதான். நோயின் பெயரை நாமே சூட்டுவது நம் வேலை இல்லை.

சுவரில் ஒரு கோடு

அயர்லாந்தில் சினேட் பர்க் என்றொரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. 1990-ல் பிறந்தவர், அகோண்ட்ரோபிளாசியா உள்ளவர், உயரம் 105 செ.மீ. டப்ளினில் ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பெடுத்தவர். இன்று கட்டடங்களும் பொருட்களும் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று உலகமெங்கும் பேசுகிறார். அவர் தன் உடம்பைப் பற்றி ரொம்பப் பேசுவதில்லை. பொதுக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் எட்டாது, சோப்பு எட்டாது, காபிக் கடை மேடை எட்டாது என்று பொருட்களைப் பற்றிப் பேசுகிறார்.

இந்த அணுகுமுறையை நம் வகுப்பறைக்குக் கொண்டுவரலாம், செலவு ஒரு சாக்பீஸ். சுவரில் தரையிலிருந்து 105 செ.மீ. அளந்து ஒரு கோடு. அதன் மேல் 131-ல் இன்னொன்று. பிள்ளைகள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றிவரட்டும். ஸ்விட்ச் போர்டு என்ன உயரம்? கதவின் மேல்தாழ்ப்பாள்? தண்ணீர்த் தொட்டிக் குழாய்? கரும்பலகையின் கீழ் விளிம்பு? சத்துணவு வாங்கும் ஜன்னல்? பள்ளி வாசலில் நிற்கும் டவுன் பஸ்ஸின் முதல் படி? ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, ‘எட்டும், எட்டாது, முக்காலி இருந்தால் எட்டும்’ என்று மூன்று கட்டத்தில் பிரிக்கட்டும். அளத்தல் பாடம் நான்காம் வகுப்புக் கணக்கிலேயே இருக்கிறது, தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இந்தச் செயலில் ஒரு திருப்பம் தானாக நடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அந்த ஜன்னலும் தாழ்ப்பாளும் எட்டவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். “அப்ப நமக்குந்தான் கஷ்டமா இருக்கு சார்” என்று யாராவது சொல்லுவான். சரி, குழாயை யார் அந்த உயரத்தில் வைத்தது, ஏன், மாற்ற முடியுமா என்று பேச்சு போகும். குறை மனிதரில் இல்லை, குழாயில்தான் என்ற எண்ணம் பிள்ளைகளிடமிருந்தே வந்தால், நாம் சொல்லி வருவதைவிட நன்றாக நிற்கும்.

முட்டி போட்டு நடந்து பார்ப்போம், அவர்கள் கஷ்டத்தை உணர்வோம் என்று சில பயிற்சிகளில் சொல்லுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 40 பிள்ளைகள் முட்டி போட்டு நடந்தால் அது சிரிப்புதான். மறுநாள் விளையாட்டு நேரத்தில் அதே நடை கேலியாகத் திரும்பி வரும். அதோடு முட்டி போடுகிறவனுக்கு அது பத்து நிமிட அவதி. அப்படியே பிறந்து வளர்ந்தவருக்கு அது அவருடைய சாதாரண உடம்பு, அதில் தினமும் வாழப் பழகியவர். கோடு யாரையும் நடிக்கவைக்காது.

அந்த அழுகைக் காணொளியையும் வகுப்பில் காட்ட வேண்டாம். நெஞ்சைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை உடைந்துபோன நேரத்தைப் பாடப்பொருளாக்கிக் காட்டினால், பார்க்கிற பிள்ளைகள் அந்த உடம்பையும் அழுகையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

அகத்தியர், வாமனர், அப்புறம் ஓசூர்

‘பாவம்’ என்பது பிள்ளைகள் வாயில் உடனே வரும் சொல். கேலிக்கு மாற்று இது என்று ஆசிரியர்களும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். பிரிஸ்பேனில் அந்த ‘பாவம்’ லட்சக்கணக்கான டாலராக வந்தது, ஒரு வாரத்தில் அதுவே ‘ஏமாற்றுக்காரன்’ என்றும் மாறியது. பரிதாபத்தோடு பார்க்கிற கண் சந்தேகத்தோடு பார்க்கவும் நேரம் ஆகாது.

நம்மிடம் குறுமுனி அகத்தியர் இருக்கிறார், மூன்றடியில் உலகளந்த வாமனர் இருக்கிறார். கதை சொல்ல நல்ல ஆட்கள், சொல்லலாம். ஆனால் இருவரும் அதிசயங்கள். கடலைக் குடித்தவரும் விண்ணைத் தொட்டவரும். அவர்களை மட்டும் சொன்னால் உயரம் குறைந்தவர் ஒன்று தெய்வம், இல்லையென்றால் கல்யாண மண்டப வாசலில் பொம்மை வேடம் போட்டுக் கைகுலுக்குபவர் என்று இரண்டே பெட்டி. நடுவில் பஸ் ஏறி வேலைக்குப் போகும் மனிதருக்கு இடமே இல்லை.

அதனால் பக்கத்து ஊரிலிருந்து தொடங்கலாம். ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் குறைந்தோருக்கான எஸ்எச்6 பிரிவு பாட்மிண்டனில் வெண்கலம் வென்றார். அதே பாரிஸில் அரியானாவின் நவ்தீப் சிங், அதேபோல உயரம் குறைந்தோருக்கான எஃப்41 பிரிவில் 47.32 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் பெற்றார். 47 மீட்டரைப் பள்ளி மைதானத்தில் அளந்து காட்டுங்கள். நம் தொடக்கப்பள்ளி மைதானம் பல இடங்களில் அதற்குப் போதாது, வேலிக்கு வெளியே போய்த்தான் டேப் முடியும். அந்த நேரத்தில் யாரும் ‘பாவம்’ சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பதக்கத்தோடும் நின்றுவிடக் கூடாது. சாதித்தால்தான் மரியாதை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ராஜஸ்தானில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர்த்தி டோக்ரா உண்டு. ஊரில் தையல் கடை, பெட்டிக்கடை வைத்திருப்பவரும் இருக்கலாம். அவரை வகுப்புக்கு அழைப்பதானால் அவருடைய தொழிலைப் பற்றிப் பேச அழையுங்கள், உயரத்தைப் பற்றி அல்ல. பேண்ட் தைக்க அளவு எப்படி எடுப்பது என்று அவர் முக்கால் மணி நேரம் சொன்னால் அதுவே பாடம். உயரத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

சினிமா, டிவி காமெடி பற்றியும் கேள்வி வரும். குட்டையானவரைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும், தலையில் தட்டுவதும் திரையில் சிரிப்பாகிறது. நாங்க செஞ்சா மட்டும் தப்பா? நியாயமான கேள்வி. மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படம் ஒன்றில் காட்டிய விதத்தை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு இதைத்தான் பிரித்துச் சொன்னது: மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு, அவரைப் பற்றிய தப்பெண்ணத்தைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை வேறு. நான்காம் வகுப்புக்கு இதைச் சொல்ல ஒரு கேள்வி போதும்: “அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா, அவரை வெச்சு சிரிக்கிறாங்களா?”

அந்தப் பிள்ளை நம் வகுப்பிலேயே இருந்தால்

இதுவரை சொன்னது அப்படியொரு பிள்ளை இல்லாத வகுப்புக்கும் பொருந்தும். சொல்லப்போனால் இல்லாதபோதே சொல்லிவைப்பது நல்லது, பாடம் யார் மேலும் சுட்டுவிரல் நீட்டாது. அக்டோபர் 25 குள்ளத்தன்மை விழிப்புணர்வு நாள். அமெரிக்காவில் 1957-ல் உயரம் குறைந்தவர்களை முதன்முதலாக ஒன்றுகூட்டிய நடிகர் பில்லி பார்ட்டியின் பிறந்தநாள் அது. அன்றைக்குச் சுவர்க்கோடு போட்டால் காரணம் கேட்பவர்களுக்குப் பதிலும் ஆச்சு.

பிள்ளை வகுப்பில் இருந்தால் முதலில் அதனிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா, அந்த நேரம் வகுப்பில் இருக்க விருப்பமா, இல்லையா? ‘எதுவும் சொல்ல வேண்டாம் மிஸ்’ என்றால் சொல்லக் கூடாது. உயரம் வேறு வயது வேறு என்ற பொதுப்பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேச்சைவிட அதிகம் உதவுவது மரச்சாமான். நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கினால் முதுகும் இடுப்பும் வலிக்கும், பிள்ளை நெளியும், ‘சும்மா உட்கார மாட்டியா’ என்று திட்டும் வாங்கும். காலுக்கடியில் ஒரு பலகை, முதுகுக்கு ஒரு தலையணை. புத்தகப் பை பாதியாகக் குறைய வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதுத் தொற்று அடிக்கடி வரும், அதனால் காது மந்தமாகலாம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் திமிர் என்று நினைக்காமல் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மண்டை ஓடு கழுத்தோடு சேரும் இடத்தில் உள்ள துவாரம் குறுகலாக இருக்கக்கூடும். ஆகவே குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, தலையால் பந்து முட்டுவது கூடாது. உடற்கல்வி ஆசிரியருக்கு இது எழுத்தில் போக வேண்டும். ஓட்டமும் விளையாட்டும் உண்டு, ஓரமாக உட்காரவைப்பது இல்லை. கை நீளம் குறைவு என்பதால் கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்வது சிரமம். பெற்றோரிடம் தனியாகக் கேட்டு, கையில் பிடிக்கும் குழாய் மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்யலாம். விலையில்லாச் சீருடை வயதுக்கான அளவில் வந்தால் கையும் காலும் தொங்கும், உடம்பு சரியாக இருக்கும். வெட்டித் தைத்துக் கொடுத்த பிறகுதான் போடச் சொல்ல வேண்டும், மடித்துவிட்டுக்கொண்டு வர வைக்கக் கூடாது.

யாரும் தூக்கக் கூடாது. ஆசிரியரும்தான். ஆண்டு விழா நாடகத்தில் பாப்பா வேடமும் வாமனன் வேடமும் மட்டுமே கொடுப்பதும் தூக்குவதில் சேர்ந்ததுதான்.

இவையெல்லாம் கருணை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குள்ளத்தன்மையும் ஒன்று. வளர்ந்தபின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்பது வரையறை. பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான வசதி செய்து தரவும் அதன் 16-ஆம் பிரிவு பள்ளியைக் கட்டுப்படுத்துகிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்டு வாங்குவது பள்ளியின் உரிமை. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 92-ஆம் பிரிவு. பிள்ளைகளை மிரட்ட அதை எடுக்க வேண்டாம். ‘ஏய் குள்ளா’ என்று பள்ளி வாசலில் கூப்பிடும் பெரியவர்களுக்குப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் போதும்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஒரு நாள் ஒரு கை தலைக்கு நீளும். அப்போது எல்லார் முன்னாலும் ‘சாரி சொல்லு’ என்று நிறுத்தினால் இரண்டு பிள்ளையும் கூசிப்போகும், கேலி வகுப்பறையிலிருந்து கழிப்பறைப் பக்கம் இடம் மாறும். தட்டிய பிள்ளையைத் தனியாக அழைத்து, “அவன் உன் வயசு. உன் தலைல இப்படி யாராவது தட்டினா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். தட்டு வாங்கிய பிள்ளையிடம் ‘கண்டுக்காதே’ என்று சொல்லாதீர்கள். பிரிஸ்பேன் பையன் அன்று பள்ளிக்குள் செய்தது அதைத்தான், கார் வரைக்கும் கண்டுகொள்ளாமல் வந்தான். ‘தொடாதே, பிடிக்கல’ என்று உரக்கச் சொல்லப் பழக்குங்கள். சாக வேண்டும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ‘சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது’ என்று விடாமல் அன்றே பெற்றோரிடம் பேச வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் 14416 மனநல உதவி எண்ணும் தலைமையாசிரியர் அறையில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உயரம் பழகிப்போய்விடும், அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனால் புதிய முகங்கள் முன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே, பெற்றோர் சம்மதத்தோடு, புது வகுப்பாசிரியரிடம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் போனில் பத்து நிமிடம் பேச வேண்டும்: காது, கழுத்து, கழிப்பறை, பை, பிள்ளை தன்னைப் பற்றி எவ்வளவு சொல்ல விரும்புகிறது என்பது. மாற்றுச் சான்றிதழோடு கால்பலகையையும் கொடுத்தனுப்பலாம். புதுப் பள்ளி பெஞ்ச் உயரம் கூடுதலாக இருக்கும், அடியில் இன்னொரு கட்டை அடிக்க வேண்டிவரும்.